மூன்று தடவைதான்

பிரான்சில் சட்டத்தரணிகளுக்கான பயிற்சிக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சைக்கு ஒருவர் மூன்று தடவைதான் தோற்றலாம். மாணவர்கள் இதை சே.எர்.எஃப்.பே.ஆ. என்ற எழுத்துகளாலேயே குறிப்பிடுகிறார்கள். இந்தியாவில் சட்டப் படிப்புக்கான கிளாட் நுழைவுப் பரீட்சைக்கு இப்படி ஒரு கணக்கு இல்லை. அமெரிக்காவின் எல்சாட்டுக்கு வாழ்நாளில் ஏழு தடவை உண்டு. மூன்றுக்குள் காரியம் முடிய வேண்டியிருப்பதால், தவறிய பிள்ளை ‘திரும்ப எழுதுவதா’ என்பதோடு ‘எந்த வருடம் எழுதுவது’ என்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

யோசிக்கக் கிடைக்கும் காலமோ குறுகியது. எழுத்துப் பரீட்சை செப்டம்பர் தொடக்கத்தில் வரும். அதில் தேறியோருக்கு இலையுதிர்காலத்தில் வாய்மொழிப் பரீட்சை. அடுத்த ஆண்டும் தோற்ற வேண்டுமானால் இந்த ஆண்டு டிசம்பர் 31க்குள் பல்கலைக்கழகத்தில் இந்தப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்யும் ஈ.எ.ஜி. நிலையத்தில் பதிந்துவிட வேண்டும். எழுத்திலேயே தவறியவருக்கு ஓரளவு அவகாசம் உண்டு. வாய்மொழியில் சறுக்கியவர் அழுது முடிப்பதற்குள் முடிவெடுக்க வேண்டும்.

புள்ளித்தாளை அறிமுகமானவர்களிடம் காட்டுவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. எழுத்துத் தாள்கள் நான்கு. ஆவணக் கட்டொன்றைப் படித்து நான்கு பக்கத்துக்குள் சுருக்கும் ‘நோட் து சேந்தேஸ்’ ஐந்து மணி நேரம்; அதன் புள்ளி மூன்றால் பெருக்கப்படும். கடப்பாட்டுச் சட்டம், விருப்பப் பாடம், நடைமுறைச் சட்டம் ஆகிய மூன்றும் இரண்டால் பெருக்கப்படும். ஆக மொத்தம் 180. வாய்மொழிக்குப் போக 90 வேண்டும். 82 எடுத்தவர் சுருக்கத் தாளில் 7ஐ 10 ஆக்கினாலே ஒன்பது புள்ளி கூடி, கோட்டைத் தாண்டிவிடுவார். அதே ஒன்பதைக் கடப்பாட்டுச் சட்டத்தில் எடுக்க நாலரைப் புள்ளி உயர வேண்டும். சுருக்குவது பயிற்சியால் கைவருகிற வேலை. அங்கே மட்டும் விழுந்தவர் தயங்காமல் மறுபடி எழுதலாம். நான்கு தாளிலும் ஆறும் ஏழுமாக வாங்கியவரின் நிலை வேறு. அடிப்படையே ஆட்டம் காணும்போது உடனே திரும்ப எழுதுவது, இருக்கிற மூன்றில் இன்னொன்றைத் தொலைப்பதுதான்.

அடிப்படை உரிமைகளைப் பற்றி 45 நிமிடம் நடக்கும் ‘கிரான் ஓரால்’ என்ற வாய்மொழியில் தவறியவர் எழுத்துத் தாள்களையும் முதலிலிருந்து எழுத வேண்டும். கொடுமையான விதிதான். ஆனாலும் இவர்கள் இடைவெளி விடாமல் அடுத்த ஆண்டே தோற்றுவது புத்திசாலித்தனம். படித்தது மறக்காமல் இருக்கும்.

இடைவெளி தேவைப்படுவோருக்கு ஒரு வசதி உண்டு. மாஸ்டர் முதலாம் ஆண்டு முடித்தாலே பரீட்சைக்குத் தோற்றலாம். 2025இலிருந்து தொழிலுக்கோ முழு மாஸ்டர் பட்டம் கட்டாயம். முதல் தடவை தவறிய ஆண்டில் மாஸ்டர் இரண்டாம் ஆண்டை முடித்துக்கொண்டால் அந்த ஆண்டு வீணாகாது.

கூசேன்வில் போன்ற பாரிஸின் வடக்குப் புறநகர்களில் உள்ள தமிழ் வீடுகளில் பணக் கணக்கும் சேர்ந்தே வரும். தனியார் ஆயத்த வகுப்புகளுக்கு ஆயிரம் யூரோவுக்கு மேல் போகும். அவை நடக்கும் ஜூலை, ஆகஸ்டில்தான் மாணவர்கள் விடுமுறை வேலை செய்து காசு சேர்க்கிறார்கள். லாச்சப்பல் மாணிக்க விநாயகர் ஆலயத் தேரும் ஏறக்குறைய பரீட்சை நாட்களையொட்டியே வரும். வீடு முழுவதும் தேருக்குப் போகும்போது கதவைச் சாத்திப் படிப்பவரை ‘திமிர்’ என்று சொல்லாமல் இருப்பதும் குடும்பம் செய்யக்கூடிய உதவி.

குடியுரிமை கிடைக்காததால் தயங்குவோரும் உண்டு. அகதியாக ஏற்கப்பட்டவரும் சட்டத்தரணி ஆகலாம் என்று 1971ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது; எந்த வருடம் எழுதுவது என்ற முடிவில் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை.

மூன்று தடவையும் தீர்ந்தால் பரீட்சை வாசல் மூடிவிடும், தொழிலின் வாசல் மூடாது. சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் இந்தப் பரீட்சை இல்லாமலே பயிற்சிக் கல்லூரியில் சேரலாம். நிறுவனமொன்றின் சட்டப் பிரிவில் எட்டு ஆண்டு பணியாற்றியவருக்கு அந்தப் பயிற்சியும் தேவையில்லை. தொழில் ஒழுக்கம் பற்றிய ஒரு பரீட்சையில் தேறினால் போதும்.