மெதுவாக நடக்கத் தெரியுமா?

மாணவ நண்பர்களே, படிப்பதைச் சற்று நிறுத்திவிட்டு ஒரு சோதனை செய்து பாருங்கள். இடது தோளும் இடது பாதத்தின் வெளிப்பக்கமும் சுவரை ஒட்டியிருக்குமாறு நில்லுங்கள். இப்போது வலது காலைத் தூக்குங்கள். நிற்க முடியவில்லை அல்லவா?

நிற்கும்போது நம் ஈர்ப்பு மையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. கொத்தனாரின் தூக்குக்குண்டை அங்கிருந்து தொங்கவிட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள். குண்டு பாதங்கள் அடைத்துள்ள பரப்புக்குள் இருந்தால் நிற்போம். வெளியே போனால் விழுவோம். ஒரு காலைத் தூக்குமுன் உடல் மற்றக் காலின்மேல் நகர்ந்தாக வேண்டும். சுவர் அதற்கு இடந்தருவதில்லை.

சீனத்து 'தாய் சி' பயிற்சியின் முதல் பாடம் இதுதான். தாவோ நெறியோடு தொடர்புடைய இத் தற்காப்புக் கலையை 1956இல் சீன அரசு 24 நிலைகள் கொண்ட எளிய வரிசையாக வகுத்தது. 'சிகோங்' என்பது மூச்சையும் மெதுவான அசைவையும் இணைக்கும் பயிற்சி. சிலம்பம் பயில்வோர் முதலில் காலடி பழகுவதில்லையா? இங்கும் அப்படியே.

இதை நான் கற்கத் தொடங்கக் காரணம் என் தாயார். தாம்பரத்தில் எங்கள் வீட்டு வாசற்படியில் தடுமாறி விழுந்ததில் அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அதன்பின் பழையபடி அவர் நடக்கவேயில்லை. அப்போதுதான் அமெரிக்காவின் அட்லாண்டாவில் நடத்தி 1996இல் வெளியிட்ட ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. 70 வயது கடந்த 200 பேரைப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு 15 வாரம் தாய் சி கற்பித்தார்கள். அவர்கள் திரும்பத் திரும்ப விழும் வாய்ப்பு 47.5 சதவீதம் குறைந்தது.

சேலையூரில் நண்பர் ஒருவரின் மொட்டை மாடியில் பாடம். முதல் மூன்று மாதம் நடை மட்டுந்தான். கல்லூரியில் இயக்கவியல் நடத்தும் எனக்கு நடக்கத் தெரியவில்லை!

சாதாரண நடையில் ஒவ்வோர் அடியிலும் நாம் முன்னே விழுகிறோம். அடுத்த கால் வந்து தாங்கிக்கொள்கிறது. வேகம் நம் பிழைகளை மறைத்துவிடும். பள்ளி விளையாட்டு விழாவில் மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டியைப் பார்த்திருப்பீர்களே, பறக்கிறவன் அதில் காலூன்றிவிடுவான். தாய் சி நடையில் குதிகாலை எடையின்றி வைக்க வேண்டும். பிறகு குடத்திலிருந்து குடத்துக்குத் தண்ணீர் மாற்றுவதுபோல் எடையை மெல்ல மாற்ற வேண்டும். எந்த நொடியில் 'நில்' என்றாலும் நிற்க முடிய வேண்டும்.

முழங்கால் சற்று மடங்கியே இருப்பதால் தொடை நடுங்கும், வியர்க்கும். அசையாமல் நிற்பவர் செய்யும் வேலை சுழி என்று பாடநூல் சொல்கிறதே? வெளியுலகின்மேல் செய்த வேலைதான் சுழி. தசை இழைகள் மாறி மாறிச் சுருங்கியும் தளர்ந்தும் ஆற்றலைச் செலவிட்டுக்கொண்டே இருக்கின்றன.

ஓராண்டு கழித்து மூச்சுக்கு வந்தோம். "சியை அடிவயிற்றில் இறக்குங்கள்" என்றார் ஆசிரியர். 'சி' என்பது ஜூல் கணக்கில் அளக்கக்கூடிய ஆற்றலன்று. காற்றும் அடிவயிற்றுக்குப் போவதில்லை. ஆனால் அப்படி நினைத்து மூச்சிழுத்தால் உதரவிதானம் கீழிறங்குகிறது, தோள் உயர்வதில்லை, உடல் ஆடுவதில்லை. சொல்லை ஒப்புக்கொள்ளாமலே அதன் பயனை நான் எடுத்துக்கொண்டேன். ஆசிரியருக்கு அதில் வருத்தமில்லை.

வீட்டில் எடை பார்க்கும் கருவிகள் இரண்டு கிடைத்தால் அருகருகே வைத்து ஒவ்வொன்றிலும் ஒரு கால் வைத்து நில்லுங்கள். எடையை மெதுவாக மாற்றினால் இரண்டின் கூட்டுத்தொகை அநேகமாக மாறாது. வெடுக்கென்று மாற்றினால் முட்கள் துள்ளும். கருவி இல்லாதவர்களுக்கு மின்சார ரயில் இருக்கிறது. 1931 முதல் தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் ஓடும் அந்த வண்டியில், அன்றாடம் போய்வரும் பெரியவர் ஒருவரின் கால்களைக் கவனியுங்கள். குரோம்பேட்டையில் வண்டி வேகம் குறையும்போது அவருடைய முழங்கால் எப்போது மடங்குகிறது, பிரேக் போட்ட பின்னா, அதற்கு முன்பா? உங்கள் கை மட்டும் கம்பியைப் பிடித்தே இருக்கட்டும்.