பழுத்த இலையும் பச்சைத் தழையும்

ஏலத்தோட்டங்களில் கவாத்து வேலை நடக்கும்போது, காய்ந்த தட்டைகளோடு சேர்த்து, பாதி மஞ்சளித்த இலைகளையும் அறுத்தெறிவோர் உண்டு. தோட்டம் பார்வைக்குச் சுத்தமாகும் என்பது மெய்யே. ஆனால் போடியிலிருந்து மலைமேல் ஏற்றும் ஒவ்வோர் உர மூட்டைக்கும் விலையோடு வண்டிக் கூலியும் சுமை கூலியும் கொடுக்கும் அங்கத்தினர்கள், அந்த இலையோடு எதை அறுக்கிறோம் என்பதைச் சற்றே ஆராய்ந்து பார்த்தல் நலம்.

இலையிலுள்ள தழைச்சத்தில் சுமார் முக்கால் பங்கு, பச்சையத்தைத் தாங்கும் நுண்ணிய உறுப்புகளில் அடங்கியிருக்கின்றது. அதிலும் கணிசமான பகுதி, காற்றிலுள்ள கரியமிலவாயுவைப் பற்றி உணவாக்கும் ரூபிஸ்கோ என்ற ஒரே புரதத்தில் இருக்கும். இலை முதுமையடைந்ததும் செடி இப்புரதங்களைச் சிதைத்து, அமினோ அமிலங்களாக்கி, இளந்தளிர், காய், கிழங்கு முதலியவற்றிற்கு அனுப்பிவிடுகின்றது. பச்சையம் கரைந்து மஞ்சள் தெரிவது இவ்வேலை நடைபெறுவதன் அடையாளம். நெல்மணியில் சேரும் தழைச்சத்தில் பாதிக்கு மேல் இவ்வாறு முதிர்ந்த இலைகளிலிருந்து வருவதேயாகும். தழைச்சத்துப் பற்றாக்குறை அடியிலைகளில் முதலில் தோன்றுவதற்கும் இதுவே காரணம். அடியிலை பசுமையாயிருந்து இளந்தளிர் மட்டும் வெளுத்தால், இரும்பு போன்ற எளிதில் இடம்பெயராத சத்தின் குறையோ என்று ஐயுறலாம்.

பல்லாண்டுத் தாவரங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 1996-ஆம் ஆண்டில் வெளியிட்ட ரீன் ஆர்ட்ஸ் என்னும் அறிஞர், இலை உதிருமுன் அதன் தழைச்சத்தில் சராசரியாகப் பாதியைச் செடி திரும்பப் பெற்றுக்கொள்வதாகக் கண்டார். ஆகவே அரை மஞ்சளில் இலையை அறுப்பது, பாக்கி வசூலாகுமுன்பே பற்றுச்சீட்டைக் கிழித்தெறிவதற்கு ஒப்பாகும். முற்றும் காய்ந்த இலையையும், காய்த்து ஓய்ந்த தட்டையையும் நீக்குவதே முறை. நோய் கண்ட செடியின் விஷயம் வேறு. கட்டே நோய் பற்றிய தூரை, எவ்வளவு பசுமையாயிருப்பினும், கிழங்கோடு அகற்றியே தீரவேண்டும்.

நிழல் மரங்களின் கணக்கோ இதற்கு நேர்மாறானது. தானாக உதிரும் சருகு, மரம் தன் பங்கை எடுத்துக்கொண்ட பின் நமக்கு விட்ட மிச்சம். பருவமழைக்கு முன் கிளை கழிக்கும்போது விழும் பச்சைத்தழை முழுச் சத்தோடு வருகின்றது. முள்முருக்கு இதிலும் ஒருபடி மேல். அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிடித்துத் தருகின்றன. வெறுஞ்சருகை மட்டும் தடிப்பாகப் பரப்பினால், அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தம் தேவைக்கு மண்ணிலுள்ள தழைச்சத்தையே முதலில் எடுத்துக்கொள்ளும்; பயிர் சில காலம் காத்திருக்க நேரிடும். பச்சைத்தழையும் கலந்து மூடாக்கிட்டால் இக்குறை பெரிதும் நீங்கும்.

சருகைக் குவித்துத் தீ வைப்பதைப்போல் வீண் செலவு வேறில்லை. சாம்பலில் சாம்பற்சத்தும் சுண்ணாம்பும் மிஞ்சும். தழைச்சத்தின் பெரும்பகுதி புகையோடு போய்விடும். யூரியாவை ஈரச் சருகின்மேல் தூவிவிட்டு, மழையும் பெய்யாதிருந்தால், அதிலும் ஒரு பங்கு அம்மோனியா வாயுவாகிப் பறந்துவிடும். சருகை விலக்கி, மண்ணில் இட்டுக் கிளறி, மீண்டும் மூடுதல் நன்று.

நெசவாளர் அங்கத்தினர்கள் இதைத் தமக்குப் புறம்பான விஷயமென்று கருதவேண்டா. பருத்திக்காய் முற்றும்போது இலைகளிலிருந்து வெளியேறும் தழைச்சத்து பஞ்சிற்குப் போவதில்லை. பஞ்சு ஏறக்குறைய முழுவதும் செல்லுலோஸ். அதில் தழைச்சத்து அற்பமே. தறியில் ஓடும் நூலுக்காக நிலம் இழக்கும் தழைச்சத்து மிகச் சொற்பம். இழப்பெல்லாம் விதையின் வழியே நிகழ்கின்றது. பருத்திக்கொட்டையை மாட்டுக்கு வைத்து, சாணத்தையும் கோமியத்தையும் வீணாக்காமல் எருவாக்கும் குடியானவரின் நிலத்திற்கு அதில் பெரும்பங்கு திரும்பி வரும். கொட்டையை விற்றுவிட்டால் அவ்வளவும் வண்டியேறி வெளியூர் போய்விடுகின்றது.