ஐய வினாவும் மென்பொருள் ஆவணமும்: பைத்தான் மொழியில் தமிழ்ச் சரத்தின் நீளம்

பைத்தான் நிரல்மொழியில் ‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என விடை வருகிறது. இலக்கணம் அறிந்தவர் எதிர்பார்ப்பது 3. நிரலில் பிழையில்லை. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்னும் ஐந்து ஒருங்குறிக் குறியெண்களைக் கணினி எண்ணியுள்ளது.

நீளம் காணும் ‘லென்’ செயற்கூற்றுக்குரிய ஆவணப் பகுதி, ஒரு பொருளிலுள்ள உறுப்புகளின் எண்ணிக்கையை அது தரும் என்கிறது. சரத்தின் உறுப்பு என்பது குறியெண்ணே என்னும் செய்தி சர வகையை விளக்கும் வேறொரு பகுதியில் உள்ளது. இரு கூற்றுகளும் சரியானவை. ஐயுற்றவர் திறப்பதோ முதற்பகுதியை மட்டுமே.

நன்னூல் வினாவை ஆறாக வகுக்கிறது. ஆவணம் எழுதுவோர் பெரிதும் அறியா வினாவையே கருத்திற் கொள்கின்றனர்: இச்செயற்கூறு யாது செய்யும்? நிரலரோ ‘ஐந்தோ, மூன்றோ’ என்னும் ஐய வினாவோடு வருகிறார். அவருக்கு வரையறை மட்டும் போதாது. எதிர்பார்த்தது ஏன் வரவில்லை என்பதும் கூறப்பட வேண்டும்.

அவ்விடத்தை நிரப்புவன, 2008இல் தொடங்கிய ஸ்டேக் ஓவர்ஃப்ளோ போன்ற வினா-விடைக் களங்கள். அங்குக் கிடைக்கும் விடை பட்டறிவிலிருந்து பிறப்பது. அதன் வலிமையும் குறையும் அதுவே. தொப்பிக்குறி இட்ட பிரெஞ்சு உயிரெழுத்தை ஒரு குறியெண்ணாகவும் இரண்டாகவும் எழுதலாம். பைத்தானின் ஒருங்குறிக் கையேடும் இத்தகைய எழுத்தையே எடுத்துக்காட்டுகிறது. ‘சரத்தை இயல்பாக்குக’ என்னும் அறிவுரை அங்கு நீளத்தை ஒன்றாக்கிவிடும். ‘தமிழ்’ என்னும் சொல்லை இயல்பாக்கினாலும் நீளம் 5 ஆகவே நிற்கும். ‘மி’, ‘ழ்’ ஆகியவற்றுக்குத் தனிக் குறியெண் இல்லை.

அதனால் இயல்பாக்கம் தமிழுக்கு வேண்டாதது என்று கொள்ளுதலும் தவறு. ‘கொ’ என்னும் எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவோ, எகரக் குறியும் காலும் இணைந்த இரண்டாகவோ பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வெவ்வேறு. இலக்கியத் தரவகம் ஒன்றில் ‘கொடை’ என்று தேடுபவர் மற்றொரு வடிவில் பதிந்த இடங்களை இழப்பார், சொல்லடைவு குறைபடும், அதன்மேல் எழும் ஆய்வு முடிவும் பிழைபடும். இங்கு இயல்பாக்கமே மருந்து. எழுத்தெண்ணிக்கைக்கோ, ஓப்பன்-தமிழ் நிரலகம் செய்வதுபோல, சரத்தைத் த, மி, ழ் எனப் பிரித்தல் வேண்டும். எண்ணும் வினாவையும் ஒப்பிடும் வினாவையும் ஒன்றெனக் கொண்டு விடையிறுப்பதால் வரும் குழப்பம் சிறிதன்று.

மீண்டும் மீண்டும் எழும் ஒரே வினாவைக் கேட்போரின் சோம்பலாகக் கருதி, ‘முன்பே கேட்கப்பட்டது’ என மூடிவிடும் வழக்கம் பரவலாக உள்ளது. அவ்வினா ஆவணத்தின் எப்பகுதி பயன்படவில்லை என்பதற்குரிய சான்று. ஸ்டேக் ஓவர்ஃப்ளோ 2016இல் ஆவணங்களையும் பயனர்களைக் கொண்டே எழுதுவிக்கும் ஒரு பகுதியைத் தொடங்கி, 2017இல் நிறுத்திவிட்டது. வினாவிலிருந்து விலகி நின்று எழுதும் ஆவணம், எவர் எழுதினும், அதே இடைவெளியையே பெற்றிருக்கும்.

‘லென்’ பகுதியில் வேண்டுவது இரண்டு வரி: சரத்தில் எண்ணப்படுவது குறியெண், எழுத்தன்று என்னும் கூற்றும், ‘தமிழ்’ போன்றதோர் எடுத்துக்காட்டும்.