இரண்டு சட்டங்களுக்கு நடுவே ஒரு ஜிப்ஸி

உற்பத்தி நின்றுபோன மாருதி ஜிப்ஸியைக் காப்பாற்ற உருப்படியான வழி ஒன்றுதான்: அதை இரண்டாகப் பிரிப்பது. ஆனால், பிரித்து மாட்டிய பிறகும் அது அதே வண்டிதானா?

மேற்கு டெல்லியில் மாயாபுரியை ஒட்டிய பட்டறைச் சந்துகளில் ஒரு ஜிப்ஸியை இரண்டாகப் பிரிக்க கிரேன் வருவதில்லை. ஏழெட்டு ஆட்கள் போதும். கதவுகள், பானெட், மட்கார்டு, இருக்கைகள் எல்லாம் முதல் நாளே கழற்றப்பட்டுச் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். மிஞ்சியிருக்கும் தகரத் தொட்டியைச் சுற்றி ஆட்கள் நின்றுகொள்கிறார்கள். ஒரு குரல், ஒரு தம். தொட்டி எழும்புகிறது, பின்னால் நகர்கிறது, மரக்கட்டைகள் மேல் இறங்குகிறது. பழைய இடத்தில் நிற்பவை நான்கு சக்கரங்கள், ஒரு எஞ்சின், அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கறுத்த இரும்புச் சட்டம். அதுவரை வண்டியின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்த சொந்தக்காரர்கள் பொதுவாக இந்த இடத்தில்தான் வாயை மூடுகிறார்கள்.

ஜிப்ஸி 1985 டிசம்பரில் இந்தியச் சாலைக்கு வந்தது. எஸ்யூவி என்ற சொல்லை அப்போது இங்கே யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. நாலு சக்கரமும் இழுக்கும் எதுவும் ஜீப்தான். ஜப்பானின் சுஸுகி எஸ்ஜே410-ஐ அடியொற்றிய வண்டி. 970 சிசி பெட்ரோல் எஞ்சின், நான்கு கியர். 1993-ல் சக்கரங்களின் இடைவெளியை அகலப்படுத்தினார்கள். 1996-ல் 1,298 சிசி எஞ்சினும் ஐந்தாவது கியரும் சேர்ந்து ‘ஜிப்ஸி கிங்’ ஆனது. 2000-ல் கார்புரேட்டர் போய் எம்பிஎஃப்ஐ வந்தது. எஞ்சின் இத்தனை முறை மாறியும் அடியில் இருந்த ஏணிச் சட்டமும் நான்கு மூலையிலும் பட்டை ஸ்பிரிங்கும் கடைசிவரை இருந்தன. பின்னிருக்கைப் பயணிகளின் முதுகெலும்பு இதற்குச் சாட்சி. ராணுவமும் போலீசும் விரும்பி வாங்கின. 1999-ல் தொடங்கிய ரெய்ட் டி ஹிமாலயா போன்ற பந்தயங்களில் கலக்கியது. கார்பெட், ரந்தம்பூர் காடுகளில் புலி பார்க்கப் போகிறவர்களுக்கு ஜிப்ஸி என்பதே சவாரியின் பெயராகிவிட்டது. புதிய பாதுகாப்பு விதிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் 2019-ன் தொடக்கத்தில் பொது விற்பனை நின்றது. 2023-ல் வந்த ஜிம்னிக்கும் ஏணிச் சட்டம்தான். என்றாலும் அதை வாரிசாக ஒப்புக்கொள்ள ஜிப்ஸிக்காரர்களுக்கு இன்னும் மனம் வரவில்லை.

இன்றைய பெரும்பாலான கார்களுக்கு முட்டையைப் போல ஓடுதான் எலும்பு. உடலைத் தனியே எடுக்க முடியாது. ஜிப்ஸியின் கட்டுமானம் வேறு. படுக்கவைத்த ஏணியைப் போல நீளவாக்கில் இரண்டு இரும்புப் பெட்டிகள், குறுக்கே சில சட்டங்கள். எஞ்சினும் அச்சுகளும் ஸ்பிரிங்கும் அதில் தொங்குகின்றன. உடல் சில போல்ட்டுகளால் ரப்பர் புஷ்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். போல்ட்டைக் கழற்றினால் உடல் வேறு, உயிர் வேறு.

கோளாறு ஆரம்பிப்பதும் அந்த இணைப்பில்தான். உடலுக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள இடுக்கில் சேறு, சருகு, மணல் எல்லாம் அப்பிக்கொள்கின்றன. சட்டத்தின் பெட்டிப் பகுதிக்குள் ஓட்டைகள் வழியே தண்ணீர் புகுகிறது. புகுந்த வேகத்தில் வெளியேறுவதில்லை. ஓடைகளைக் கடக்கும் காட்டு வண்டிக்கும், கடற்கரை ஊரில் நிற்கும் வண்டிக்கும் இது இன்னும் சீக்கிரம். வெளியே கறுப்பு பெயின்ட் பளபளக்க, உள்ளிருந்து இரும்பு மெல்ல உதிர்கிறது. பின்பக்க ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடம் ஒருநாள் பெயர்ந்துகொண்டு வந்தால்தான் விஷயம் வெளிப்படும். அது மலைப்பாதையில் நடந்தால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சந்தையில் விற்கப்படும் ‘புதுப்பித்த’ ஜிப்ஸிகளில் பல இந்த இடத்தைத் தொடுவதே இல்லை. கதவின் அடியில் பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, பளிச்சென்று பெயின்ட் அடித்து, அடிப்பாகத்தில் துருவின் மேலேயே தார் போன்ற பூச்சைக் கனமாகப் பூசிவிடுவார்கள். அகலமான டயர், முன்னால் ஒரு விஞ்ச், கூரையில் விளக்கு வரிசை. விலை ஏறிவிடும். பிணத்துக்குச் செய்யும் அலங்காரம் என்பதைவிட இதற்கு மரியாதையான பெயர் எதுவும் தோன்றவில்லை. வாங்குகிறவர் ஒரு சிறு சுத்தியலோடு போவது நல்லது. சட்டத்தை நெடுகத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு மணியோசை தரும். அரித்துப்போன இடம் தொப்பென்று பதில் சொல்லும்.

உடலைத் தூக்குவது பார்ப்பதற்குத்தான் பெரிய வேலை. அதற்கு முன்னால் உள்ள வேலைதான் பொறுமையைச் சோதிக்கிறது. ஸ்டீயரிங் தண்டு, கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள், ஹேண்ட்பிரேக், பிரேக் குழாய்கள், பெட்ரோல் ஊற்றும் குழாய், ரேடியேட்டர் ஹோஸ், ஒயரிங் என்று உடலையும் சட்டத்தையும் பிணைப்பவை எத்தனையோ. கியர் குச்சியும் நாலு சக்கர இழுவைக்கான குச்சியும் தரையைத் துளைத்துக்கொண்டு நிற்கும். மறந்துபோய்த் தூக்கினால் ஏதோ ஒன்று வளையும். முன்பெல்லாம் ஒயருக்கு ஒயர் துணி கட்டி அடையாளம் வைத்தார்கள். இப்போது செல்போனில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு மேல் போல்ட்டுகள். இருபது, முப்பது வருடத் துருவில் நட்டோடு ஐக்கியமானவை. மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு ராத்திரி ஊறவிட்டால் சில இளகும். சிலவற்றைச் சூடுகாட்டிக் கழற்ற வேண்டும். மீதியை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

அனுபவசாலிகள் தூக்குவதற்கு முன் இன்னொன்றும் செய்கிறார்கள். கதவு இருக்கும் வெற்றிடத்தின் குறுக்கே இரும்புக் குழாயைத் தற்காலிகமாக வெல்டிங் செய்துவிடுகிறார்கள். சட்டத்தின் ஆதரவு போய்விட்டால் கூரையில்லாத தொட்டி நடுவில் தொய்ந்துவிடும். அடித்தகடு அரித்திருந்தால் கேட்கவே வேண்டாம். தொய்ந்த நிலையில் புதுத் தகடு வைத்து ஒட்டிவிட்டால், மறுபடி மாட்டும்போது கதவு மூடாது. பல மாத உழைப்பு அந்தக் கதவு இடுக்கில் மாட்டிக்கொண்டு விழிக்கும்.

பிறகு சட்டம். அச்சு, எஞ்சின், ஸ்பிரிங் எல்லாம் இறங்கியபின் அதை மணல் பீய்ச்சியோ கிரைண்டர் வைத்தோ வெற்று இரும்பாக்குகிறார்கள். மூலைக்கு மூலை குறுக்கே நாடா பிடித்து அளக்கிறார்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் சட்டம் நேராக இருக்கிறது. இல்லாவிட்டால் எப்போதோ நடந்து மறைக்கப்பட்ட விபத்து ஒன்று வெளியே வருகிறது. அரித்த இடத்தின் மேல் ஒட்டுப்போடுவது சோம்பேறி வேலை. நல்ல இரும்பு வரும்வரை வெட்டியெடுத்து, அதே கனத் தகட்டைப் பதித்து வெல்டிங் செய்வதே முறை. அடுத்து துத்தநாகமோ எபாக்ஸியோ கலந்த பிரைமர், அதன் மேல் பெயின்ட், பெட்டியின் உள்பக்கத்துக்கு மெழுகுபோன்ற பூச்சு. அந்த உள்பக்கப் பூச்சை விட்டுவிட்டால் மேலே பூசியதெல்லாம் வெறும் அழகுதான்.

இங்கே ஈரம் இன்னொரு எதிரி. தேய்த்து வெளுத்த இரும்பை மழைக்கால இரவில் அப்படியே விட்டால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும். ஆனால் காட்டு ஜிப்ஸிகளின் ஓட்டுநர்களுக்கு வேறு வழியில்லை. தேசியப் பூங்காக்கள் பல மழை மாதங்களில்தான் மூடியிருக்கும். வண்டிக்கு அப்போதுதான் ஓய்வு. சீசனில் ஒரு நாள் வண்டி நின்றாலும் ஒரு நாள் வருமானம் போய்விடும். டெல்லியில் பொழுதுபோக்குக்காக ஜிப்ஸி வைத்திருப்பவர் இரண்டு வருடம் காத்திருந்து உடல் தூக்கிச் சீர்செய்யலாம். ராம்நகரில் அதை வைத்துச் சோறு தின்பவருக்கு அந்த வசதி கிடையாது. சட்டம் நன்றாக இருக்க வேண்டிய அவசியம், ஆறு பேரை ஏற்றிக்கொண்டு மேடுபள்ளத்தில் ஓட்டும் அவருக்குத்தான் அதிகம்.

உதிரி பாகங்களுக்கு எல்லோரும் கடைசியில் வந்து நிற்பது பழைய டெல்லியின் காஷ்மீரி கேட் கடைத்தெருவில். புஷ், கேபிள், ரப்பர் போன்றவற்றை அங்கே தேடிப் பிடிக்கலாம். பெரிய பாகங்களுக்கு ராணுவம் கழித்து ஏலம்விட்ட வண்டிகளை நாட வேண்டும். அப்படி வந்த ஜிப்ஸியைச் சுரண்டினால் அடுக்கடுக்கான பெயின்ட்டுக்குக் கீழே ராணுவத்தின் பாசிப்பச்சை தலைகாட்டும். ஆசைப்பட்டு அதே நிறத்தைத் திரும்ப அடிக்க முடியாது. பாதுகாப்புத் துறையைத் தவிர வேறு யாரும் வண்டிக்கு அந்த நிறம் பூசக் கூடாது என்கிறது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-ஆம் விதி.

சட்டம் என்ற ஒரே சொல்லைத் தமிழ் இரண்டுக்கும் வைத்திருப்பது சற்று வேடிக்கை. இரும்புச் சட்டமும் அரசின் சட்டமும் இந்த விஷயத்தில் முட்டிக்கொள்கின்றன. அரசின் கண்ணில் ஜிப்ஸி என்பது அதன் நிறமோ உடலோ அல்ல. சட்டத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் எண். பதிவுச் சான்றிதழில் உள்ளதும் அதுதான். ஆகவே மணல் பீய்ச்சுவதற்கு முன் அந்த எண்ணின் மேல் கிரீஸ் தடவி, டேப் ஒட்டி மூடிவிடுகிறார்கள். கிரைண்டர் இரண்டு விநாடி வழுக்கினால் போதும், எண் தேய்ந்துவிடும். வண்டி உயிரோடு இருக்கும், காகிதத்தில் செத்துவிடும். திருட்டு வண்டிகளை விற்பவர்கள் முதலில் கைவைப்பது அந்த எண்ணில்தான் என்பதால் தேய்ந்த எண்ணைப் போலீஸ் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

சட்டம் மீட்கவே முடியாத அளவு அரித்திருந்தால்? வேறொரு ஜிப்ஸியின் நல்ல சட்டத்தில் இந்த உடலை மாட்டிவிடலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. கூடு விட்டுக் கூடு பாயும் இந்த வித்தை தொழில்நுட்பரீதியில் ஒரு பிற்பகல் வேலை. அரசின் பார்வையில் அது இன்னொரு வண்டி. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கொன்றில் இதைக் கண்டிப்பாகவே உறுதிசெய்தது. அழுகிய சட்டத்தை வெட்டி ஒட்டி, எண்ணைக் காப்பாற்றிச் சீர்செய்பவருக்கும், பழைய எண்ணைப் புதுச் சட்டத்தில் ஏற்றும் மோசடிக்காரருக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெளிவாகப் பார்க்கும் ஏற்பாடு மட்டும் போதுமான அளவில் இல்லை. எப்படிச் சரிசெய்தார்கள் என்று படிப்படியாகப் படமெடுத்து வைத்துக்கொள்வதே பலருக்கு ஒரே பாதுகாப்பு.

வயதும் ஒரு தடை. தனியார் காரின் பதிவு 15 வருடத்துக்கு. பிறகு தகுதி பார்த்து ஐந்தைந்து வருடமாக நீட்டிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025-ல் 10,000 ஆனது. தலைநகர் வட்டாரத்தின் கதை தனி. 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையை 2018-ல் உச்ச நீதிமன்றம் கையிலெடுத்தது. அதன்பின் தடையின் எல்லை மாறிமாறி வந்திருக்கிறது. தடையில்லாச் சான்று வாங்கி வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்றிக்கொள்வது ஒரு வழி.

பழமைக்கு மரியாதை தரும் விதி ஒன்றும் இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு ‘விண்டேஜ்’ வண்டிகளுக்குத் தனிப் பதிவைக் கொண்டுவந்தது. கட்டணம் 20,000 ரூபாய், எண் பலகையில் ‘விஏ’ என்ற எழுத்துகள். ஆனால் 50 வயது ஆகியிருக்க வேண்டும். சேசிஸிலோ உடலிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் எதுவும் நடந்திருக்கக் கூடாது. தினசரி ஓட்டவும் கூடாது. முதல் ஜிப்ஸிக்கு 50 வயது ஆவது 2035-ன் கடைசியில். 15-க்கும் 50-க்கும் நடுவே அது பாரம்பரியமும் அல்ல, புதிதும் அல்ல. வெறும் பழைய வண்டி. அதுவரை அதைத் துருவிலிருந்து காப்பாற்ற வேண்டுமானால் உடலைத் தூக்கியாக வேண்டும். அப்படித் தூக்கிச் சட்டத்தில் புதுத் தகடு பதித்ததை 2035-ல் யாராவது ‘பெரிய மாற்றம்’ என்று சொல்வார்களா என்ற கேள்வி சொந்தக்காரர்களை இப்போதே அரிக்கிறது. பழுது வேறு, மாற்றம் வேறு என்று விதியை எழுதியவர்கள் இரண்டு வரி சேர்த்திருக்கலாம்.

இவ்வளவுக்கும் ஆகும் செலவு வண்டி வாங்கிய விலையைச் சுலபமாகத் தாண்டிவிடும். கணக்குப் பார்க்கிறவர்கள் இதில் இறங்குவதில்லை. இறங்கியவர்களுக்கு, உடல் திரும்ப உட்காரும் நாள் இன்னொரு பரீட்சை. புது புஷ்களின் மேல் தொட்டி இறங்கியதும் மெல்லிய வாஷர்களைச் செருகி, கதவு இடுக்கு ஒரே சீராக வரும்வரை ஏற்றி இறக்குகிறார்கள். குறுக்கே ஒட்டிய குழாய்களை அதற்கப்புறம்தான் வெட்டுகிறார்கள். எல்லாம் முடிந்து சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் முனகும், விளக்கு மங்கலாக எரியும். பேட்டரியைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் காரணம், உடலையும் சட்டத்தையும் இணைக்கும் எர்த் பட்டையை மாட்ட மறந்திருப்பார்கள், அல்லது புதுப் பெயின்ட்டின் மேலேயே மாட்டியிருப்பார்கள். ரப்பர் புஷ்ஷும் பெயின்ட்டும் மின்சாரத்தை விடுமா? அந்த இடத்தில் மட்டும் பெயின்ட்டைச் சுரண்டினால் பிரச்னை தீர்ந்தது.

சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் புஷ்கள் அமுங்கிக்கொடுக்கும். உடல் போல்ட்டுகளை மறுபடி முடுக்க வேண்டும். அதன்பின் வண்டி பதிவு நீட்டிப்புக்காக வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் முன்னால் வரிசையில் நிற்கிறது. கோடுபோட்டாற்போல இருக்கும் கதவு இடுக்கையோ கண்ணாடிபோன்ற பெயின்ட்டையோ அங்கே யாரும் புகழ்வதில்லை. ஒருவர் குனிந்து, சட்டத்தின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து, பென்சிலால் தேய்க்கிறார். எண் ஒவ்வொன்றாகக் காகிதத்தில் எழும்புகிறது.