ஏற்றமும் கணக்கில் வரட்டும்

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டிப் போகிற சாலை கல்வராயன் மலைமேல் ஏறத் தொடங்கியதும் பேருந்தில் பலருக்குக் காது அடைத்துக்கொள்ளும். எச்சில் விழுங்கினால் திறக்கும். நாலு வளைவு போனதும் மறுபடி அடைக்கும். வெள்ளிமலை, கரியாலூர் என்று மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைந்துகொண்டே வருவதுதான் காரணம். அதே மாற்றத்தைச் சட்டைப் பையில் கிடக்கும் செல்போனும் உணர்ந்துகொண்டிருக்கிறது, நம் காதைவிடப் பல மடங்கு நுட்பமாக. பாரோமீட்டர் என்கிற காற்றழுத்தமானி உள்ள போனாக இருந்தால், ஓர் ஆள் உயரத்துக்கு ஏறினாலே அதற்குத் தெரிந்துவிடும்.

ஸ்மார்ட்போனில் உடல்நலம் சார்ந்த வசதிகள் என்றதும் அவை நகரத்துப் பூங்காக்களில் காலை நடை போகிறவர்களுக்கானவை என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் மலையில் வாழ்கிறவர்களுக்கும் மலைக்கு வந்துபோகிறவர்களுக்கும் அவற்றில் நிறையவே இருக்கிறது. முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். காலடி எண்ணுவதற்கோ உயரம் அறிவதற்கோ டவர் வேண்டியதில்லை. நெட் பேக்கும் வேண்டியதில்லை. கல்வராயன் மலையில் சிக்னல் போய்ப்போய் வரும் இடங்கள் உண்டு. அங்கேயும் இந்தச் சென்சார்கள் தம் வேலையைத் தொடர்ந்து செய்கின்றன.

காலடி எண்ணும் பாகத்தின் பெயர் ஆக்சிலரோமீட்டர், தமிழில் முடுக்கமானி. அரிசிமணி அளவுகூட இல்லாத சிலிக்கான் சில்லுக்குள், நுண்ணிய வில்கள் தாங்கிப் பிடித்த ஒரு துணுக்கு தொங்கிக்கொண்டிருக்கிறது. அதன் விளிம்பில் சீப்புப் பற்கள் போன்ற தகடுகள். டிரைவர் பிரேக் போட்டால் நின்றுகொண்டு வரும் பயணிகள் முன்னால் சாய்வதுபோல, போன் அசையும்போது இந்தத் துணுக்கு ஒரு மயிரிழையிலும் சிறிய அளவு பின்தங்குகிறது. தகடுகளுக்கு இடையிலான இடைவெளி மாறுகிறது. மின்தேக்குத் திறனும் கூடவே மாறுகிறது. அதை அளந்துதான் எந்தத் திசையில் எவ்வளவு முடுக்கத்தோடு அசைந்தோம் என்று போன் தெரிந்துகொள்கிறது. 1990களின் தொடக்கத்தில் கார்களின் ஏர்பேக் விரியவேண்டிய தருணத்தைக் கண்டுபிடிக்கப் பயன்பட்ட தொழில்நுட்பம் இது. போனைத் திருப்பினால் திரையில் படமும் திரும்புவது இதனால்தான்.

மனிதர்கள் இயல்பாக நடக்கும்போது நொடிக்குச் சுமார் இரண்டு காலடி வைக்கிறோம். அந்தத் தாளம் சீராகத் தொடர்ந்தால் போன் அதை நடை என்று எடுத்துக்கொள்கிறது. நாள் முழுக்க இதைக் கவனித்தால் பேட்டரி என்ன ஆவது என்ற கேள்விக்கு 2013இல் விடை கிடைத்தது. ஆப்பிள் ஐபோன் 5எஸ்ஸில் இதற்கென்றே மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் தனிச் சில்லை வைத்தது. அதே ஆண்டில் ஆண்ட்ராய்டின் 4.4 பதிப்பும் காலடி எண்ணும் சென்சாருக்கு இடம் கொடுத்தது. இன்று பல நடுத்தர விலை போன்களிலும் இது இருக்கிறது. சாம்சங் ஹெல்த், கூகுள் ஃபிட், ஆப்பிளின் ஹெல்த் போன்ற செயலிகள் இந்த எண்ணிக்கையை எடுத்துக் காட்டுகின்றன.

ஒரு நாளைக்கு 10,000 காலடி என்ற இலக்கு எங்கிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியாது. மருத்துவ ஆராய்ச்சியில் பிறந்த எண் அல்ல அது. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறு ஆண்டு, 1965இல், ஜப்பானிய நிறுவனம் ஒன்று இடுப்பில் மாட்டும் காலடி எண்ணியை ‘மன்போ-கெய்’ என்ற பெயரில் விற்றது. பத்தாயிரம் காலடி மானி என்று பொருள். விற்பனைக்கு வைத்த பெயரே உலகத்துக்கு இலக்காகிவிட்டது. 2019இல் ஐ-மின் லீ என்ற ஆய்வாளரின் குழு, சராசரி வயது 72 ஆன 16,741 பெண்களின் நடையை அளந்து பார்த்தது. நாளுக்குச் சுமார் 2,700 காலடி மட்டுமே நடந்தவர்களைவிட 4,400 காலடி நடந்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. 7,500 வாக்கில் அந்தப் பலன் மேலும் கூடாமல் நின்றுவிட்டது. 10,000 தொடவில்லையே என்று வருந்துகிற வயதானவர்களுக்கு இந்த ஒரு தகவலைச் சொன்னாலே பாதி வருத்தம் போய்விடும்.

தமிழக அரசு 2023 நவம்பர் 4இல் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டம்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறிக்கப்பட்டது. 8 கிலோமீட்டர் என்பது ஏறத்தாழ 10,000 காலடி. நல்ல திட்டம்தான். ஆனால் கிலோமீட்டரும் காலடியும் சமவெளியின் அளவைகள். மலைக்கு அவை போதாது. நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 300 மீட்டர் உயரம் ஏறுகிறார். தன் உடலை அவ்வளவு மேலே தூக்க மட்டும் சுமார் 42 கிலோகலோரி வேண்டும். தசைகள் தாம் எரிக்கும் ஆற்றலில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றுகின்றன. மீதி வெப்பமாகப் போகிறது. ஆக உடல் செலவழிப்பது 170 கிலோகலோரிக்கு அருகில். சமதளத்தில் ஐந்து கிலோமீட்டருக்குமேல் நடந்த உழைப்பு அது. ஆனால் காலடி எண்ணியைப் பார்த்தால் ஏறிய உழைப்பு தெரியாது. சாமைக் கொல்லைக்கும் மரவள்ளிக் காட்டுக்கும் தினமும் ஏறி இறங்குகிற ஒரு மலையாளிப் பழங்குடி விவசாயியும், கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் சமதரையில் நடக்கிறவரும் ஒரே எண்ணைக் காட்டலாம். இதயத்துக்குக் கிடைத்த பயிற்சியோ வேறு வேறு.

இந்தக் குறையைப் பாரோமீட்டர் ஓரளவு தீர்க்கிறது. ஏறத்தாழ ஒன்பது மீட்டர் ஏறினால் அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும். பாரோமீட்டர் உள்ள போன்களில் சில, ‘ஏறிய மாடிகள்’ என்று தனியாக ஒரு கணக்குக் காட்டும். சுமார் மூன்று மீட்டர் ஏற்றத்தை ஒரு மாடி என்று எடுத்துக்கொள்கிறார்கள். மேலே சொன்ன 300 மீட்டர் ஏற்றம் அங்கே நூறு மாடியாகப் பதிவாகும். பேருந்தில் ஏறினால் மாடிக் கணக்கு ஓடாது. அழுத்தம் குறைவதும் காலடித் தாளமும் சேர்ந்து வந்தால்தான் எண்ணும். மலிவு விலை போன்கள் பலவற்றில் பாரோமீட்டர் இருக்காது என்பதால், வாங்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. இறக்கத்தை இந்தக் கணக்கு பெரும்பாலும் சேர்ப்பதில்லை. முழங்கால் வலி உள்ளவர்களைப் படுத்துவது இறக்கம்தான் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

இன்னொரு பெரிய ஓட்டை, போன் உடம்போடு இருந்தால்தான் எண்ணும் என்பது. ஆணின் சட்டையில் பை இருக்கிறது. சேலையில் இல்லை. விறகுச் சுமையோடு வருகிற, கடுக்காய் பொறுக்கப் போகிற, தண்ணீர் எடுத்துவருகிற பெண்ணின் போன் வீட்டில் சார்ஜில் கிடக்கும், அல்லது பிள்ளையின் கையில் இருக்கும். அந்த வீட்டிலேயே அதிகம் உழைத்தவருடைய கணக்கு அன்று சில நூறு காலடி என்று காட்டும். கையில் குழந்தையையோ தலையில் சுமையையோ பிடித்துக்கொண்டு மெதுவாக நடக்கும் நடையும் சரியாகப் பதிவாவதில்லை. ஆகவே செயலியின் எண்ணை வைத்து ஒருவர் சுறுசுறுப்பானவர், இன்னொருவர் சோம்பேறி என்று யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஒரே ஆள், ஒரே போன், ஒரே பழக்கம்: சென்ற மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிடும்போதுதான் அந்த எண்ணுக்கு மதிப்பு. வழக்கமாக ஆறாயிரம் நடக்கிற தாத்தா சில வாரங்களாக மூவாயிரத்தில் நின்றால், அவர் வாய்திறந்து சொல்லாத மூச்சிரைப்போ கால்வலியோ இருக்கிறதா என்று கேட்கவேண்டும்.

நாடித்துடிப்பைக் கேமராவால் அளப்பது அடுத்த வசதி. பின்பக்கக் கேமராமேல் விரலை வைத்து, பிளாஷ் விளக்கை எரியவிட்டால், வெளிச்சம் தோலுக்குள் போய்ச் சிதறித் திரும்புகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் விரல்நுனியில் ரத்தம் கொஞ்சம் கூடும். கூடிய ரத்தம் கூடுதல் ஒளியை விழுங்கும். கண்ணுக்குத் தெரியாத இந்த மங்கலையும் தெளிவையும் கேமரா எண்ணிவிடுகிறது. அமெரிக்காவின் ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன் 1937இல் விவரித்த முறைதான் இதற்கு அடிப்படை. சாம்சங் 2014இல் கேலக்ஸி எஸ்5 போனில் இதற்கெனத் தனிச் சென்சாரே வைத்தது. 2021இல் கூகுள் தன் ஃபிட் செயலியில் வெறும் கேமராவைக் கொண்டே செய்துகாட்டியது.

மலையில் இதற்கு ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. மார்கழி, தை மாதப் பனியில் விரல்கள் சில்லிட்டுப்போனால் நுனிக்கு வரும் ரத்தம் குறைந்துவிடும், செயலி தடுமாறும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஐந்து நிமிடம் உட்கார்ந்து, விரலை அழுத்தாமல் வைக்கவேண்டும். சந்தேகம் வந்தால் மணிக்கட்டில் விரல் வைத்து முப்பது நொடி எண்ணி இரண்டால் பெருக்கிப் பார்க்கலாம். ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இயல்பு. காலை எழுந்ததும் பார்த்துக் குறித்துவைத்தால், காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு, ரத்தசோகை போன்றவற்றில் துடிப்பு கூடுவது புலப்படக்கூடும்.

இதைத் தாண்டி போனை நம்பக் கூடாத இடங்கள் இருக்கின்றன. கையில் பட்டை கட்டிக் காற்றடிக்காமல், வெறும் போனால் பிரஷர் பார்க்க முடியாது. விரலிலோ தோலிலோ குத்தாமல் சுகர் சொல்லும் செயலி எதையும் நம்பவேண்டாம்; தோலில் துளையிடாமல் சுகர் அளப்பதாகச் சொல்லும் கடிகாரங்கள், மோதிரங்களைப் பற்றி அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரிக்கையே விடுத்தது. ஆக்சிஜன் அளவைச் சரியாகப் பார்க்கச் சிவப்பு, அகச்சிவப்பு என இரண்டு ஒளி வேண்டும். சாதாரண போன் கேமராவில் அந்த ஏற்பாடு இல்லை. ஐசிஎம்ஆர் ஆதரவில் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நடத்தி 2023இல் வெளியிட்ட கணக்குப்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, பெரியவர்களில் 35.5 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தம். இவ்வளவு பெரிய கூட்டத்தை ஒரு பொய்யான செயலி ஏமாற்றினால் போவது உயிர்.

பிரஷர், சுகர் பார்க்கும் வேலைக்கு ஆட்கள் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷரும் சுகரும் வீட்டுக்கே வந்து பார்க்கப்படுகின்றன. மாத்திரையும் வீடு தேடி வருகிறது. அவர்களுக்கு ஒத்தாசையாக இருப்பதுதான் போனின் வேலை. அவர்கள் சொல்லும் எண்களை ஹெல்த் செயலியில் தேதியோடு ஏற்றிவைக்கலாம். மாத்திரை நேரத்துக்கு அலாரம் வைக்கலாம். அடுத்தமுறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது மூன்று மாதக் கணக்கை டாக்டரிடம் காட்டினால், “எப்படி இருக்கு?” என்ற கேள்விக்கு “பரவாயில்லை” என்று மட்டும் சொல்லிவிட்டு வரவேண்டியிருக்காது. முன்பின் தெரியாத செயலிகளில் இந்த விவரங்களைக் கொட்டவேண்டாம். போனோடு வந்ததே போதும்.

தூக்கத்தைக் கணிப்பதில் போன் தனியாக அவ்வளவு கெட்டியில்லை. இரவில் எத்தனை மணிவரை திரையைப் பார்த்தோம் என்ற கணக்கை மட்டும் அது பிசகாமல் சொல்லும். அதைப் பார்த்தாலே தூக்கம் எங்கே போனது என்று தெரிந்துவிடும்.

பலரும் திறந்தே பார்க்காத, ஆனால் மலையூர்களில் முதலில் நிரப்பவேண்டிய பக்கம் ஒன்று உண்டு: அவசரகாலத் தகவல். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸில் பாதுகாப்பும் அவசரநிலையும் என்ற இடத்தில், ஐபோனில் ஹெல்த் செயலியின் மெடிக்கல் ஐடியில், ரத்த வகை, சாப்பிடும் மாத்திரைகள், ஒவ்வாமை, வீட்டாரின் எண் ஆகியவற்றை எழுதிவைத்தால் லாக் திறக்காமலே மற்றவர் படிக்கலாம். பூச்சிக்கடியோ பாம்புக்கடியோ வண்டி கவிழ்ந்ததோ, தூக்கிக்கொண்டு ஓடுகிறவருக்கு அந்த நாலு வரி போதும். நம் சிம்முக்குச் சிக்னல் இல்லாவிட்டாலும், வேறு நிறுவனத்தின் டவர் எட்டினால் 112 அழைப்பு அதன்வழியே போகும். எந்த டவரும் இல்லாத ஓடைப் பள்ளத்தில் ஜிபிஎஸ் மட்டும் வேலை செய்யும். அது செயற்கைக்கோளிலிருந்து நேராக வருவது. மேப்பில் நிற்கும் புள்ளியை அழுத்திப் பிடித்தால் வரும் எண்களைக் குறித்துக்கொண்டு, ஒருவர் மேட்டுக்கு ஏறி 108க்கு அழைத்து, வண்டி வந்து நிற்கக்கூடிய ரோட்டோர இடத்தின் பெயரோடு சேர்த்துச் சொல்லலாம். பேச்சு கேட்காத அளவுக்குச் சிக்னல் மெலிந்திருந்தால் கீழே உள்ள சொந்தக்காரருக்கு அதையே எஸ்எம்எஸ்ஸாக அனுப்பலாம்; குரல் போகாத இடத்திலும் சில நேரம் எழுத்து போய்ச் சேரும்.