நாளொரு படம், நாளொரு கைங்கரியம்

பெரிய புராணம் போற்றும் அடியார்களுள் சாக்கிய நாயனாரின் தொண்டு தனித்தன்மை உடையது. புத்த சமயக் கோலத்தில் இருந்தபடியே சிவபெருமானை உள்ளத்தில் வைத்தவர் அவர். வெட்டவெளியில் இருந்த சிவலிங்கத்தைக் கண்டு அன்பு மேலிட்டவராய், மலர் என எண்ணி ஒரு கல்லை எடுத்து எறிந்தார். மறுநாள் அந்தச் செயலை நினைத்துப் பார்த்தவர், அதுவும் இறைவன் திருவருளே எனத் தெளிந்து, நாள்தோறும் உணவுக்கு முன் ஒரு கல் எறிவதை நியமமாகக் கொண்டார். ஒருநாள் மறந்து உணவுண்ண அமர்ந்துவிட்டார். நினைவு வந்ததும் பதறி எழுந்து ஓடிக் கல்லை எறிந்தார். அப்போதே இறைவன் காட்சி தந்தான் என்பது வரலாறு.

நாகப்பட்டினத்து அதிபத்த நாயனாரும் இத்தகையவரே. வலையில் கிடைக்கும் மீன்களில் ஒன்றை நாள்தவறாமல் இறைவனுக்கென்று கடலிலேயே விடுவது அவர் நியமம். நாள் முழுவதும் ஒரே ஒரு மீன் கிடைத்த பஞ்ச காலத்திலும், அந்த ஒரு மீன் பொன்மீனாகவே வந்தபோதும் அவர் நியமம் தவறவில்லை.

இவ்விரு வரலாறுகளும் உணர்த்தும் உண்மை ஒன்றே. செயல் சிறியதாக இருக்கலாம்; கல்லாகவோ மீனாகவோ இருக்கலாம். அது நாள்தோறும் தவறாமல் நடக்கும்போது வழிபாடாகிறது. முதுமையில் நெடும்பயணம் செல்ல உடல் இடம் தராதபோது, மலைப்படி ஏற முழங்கால் மறுக்கும்போது, இத்தகைய சிறிய நித்திய நியமங்களே மனத்துக்கு ஊன்றுகோல். இன்று பெரும்பாலான வீடுகளில் உள்ள கைப்பேசியைக் கொண்டே அப்படி ஒரு நியமத்தை மேற்கொள்ள முடியும். நாளொன்றுக்கு ஒரே ஒரு புகைப்படம் எடுத்து, நாளைக் குறித்து, பாதுகாத்து வைப்பதே அது.

ஒரு மனிதர், ஒரு நாள், ஒரு படம்

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் வாழ்ந்த ஜேமி லிவிங்ஸ்டன் என்பவர் 1979ஆம் ஆண்டு மார்ச் 31 அன்று தமது போலராய்டு கேமராவால் ஒரு படம் எடுத்தார். அன்று தொடங்கி நாளுக்கு ஒரு படம் என்பதைத் தமக்குத்தாமே விதியாக வகுத்துக்கொண்டார். படம் நன்றாக அமையவில்லை என்று மறுபடி எடுப்பதில்லை. அன்றைய படம் எதுவோ அதுவே அந்த நாளின் பதிவு. நண்பர்கள், உணவு மேசை, தெரு, வானம் என்று எளிய காட்சிகளே அவற்றில் மிகுதி.

ஏறக்குறைய பதினெட்டரை ஆண்டுகள் இந்த நியமம் தொடர்ந்தது. இறுதிக் காலத்தில் அவருக்கு மூளைக் கட்டி கண்டது. மருத்துவமனைக் கட்டிலும், மறைவுக்குச் சில வாரங்களுக்கு முன் நடந்த அவர் திருமணமும் அந்த வரிசையில் இடம்பெற்றன. 1997 அக்டோபர் 25, தமது 41ஆவது பிறந்தநாளிலேயே அவர் காலமானார். 6,000க்கும் மேற்பட்ட அந்தப் படங்களை நண்பர்கள் ஒழுங்குபடுத்திப் பின்னாளில் அவர் பயின்ற கல்லூரியில் காட்சிக்கு வைத்தனர். தனித்தனியே பார்த்தால் அவற்றில் பல சாதாரணப் படங்கள்தாம். வரிசையாகப் பார்க்கும்போது ஒரு முழு வாழ்க்கை தெரிகிறது. மாதந்தோறும் சிறு தொகையைத் தவறாமல் கட்டி வருபவர், முதிர்வு நாளில் கைக்கு வரும் தொகையைக் கண்டு தாமே வியப்பதைப் போன்றது இது.

தெய்வத் திருமேனிகளை மீட்ட படங்கள்

நமது ஆலயங்களைப் பொறுத்தவரை, புகைப்படம் என்பது நினைவுப் பொருள் மட்டுமன்று, சாட்சியும் ஆகும். 1858இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக் கலைஞராக இருந்த லின்னேயஸ் டிரைப், மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களின் ஆலயங்களைப் பெரிய கேமராவால் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீண்ட படமாக்கினார். அந்நாளில் அக்கோயில் எப்படி இருந்தது என்பதை இன்றும் நாம் அப்படங்களில் காண முடிகிறது.

அதைவிடப் பெரிய பணி புதுச்சேரியில் நடந்தது. 1955இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், அடுத்த ஆண்டிலிருந்தே தென்னிந்திய ஆலயங்களையும் திருமேனிகளையும் படமெடுக்கத் தொடங்கியது. ஊர் ஊராகச் சென்று எடுத்த அந்தப் படங்கள் இன்று 1,60,000க்கும் மேல். எடுத்த காலத்தில் அவை ஆய்வாளர்களுக்கான குறிப்புகள் மட்டுமே. அவற்றின் முழுப் பயன் பின்னாளில்தான் தெரிய வந்தது.

தரங்கம்பாடியை அடுத்த ஆனந்தமங்கலம் ராஜகோபாலசுவாமி திருக்கோயிலில் இருந்த ராமர், சீதாதேவி, லட்சுமணர் பஞ்சலோகத் திருமேனிகளை அந்நிறுவனத்தார் 1958இல் படமெடுத்திருந்தனர். 1978இல் அத்திருமேனிகள் களவு போயின. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தபின், அவை இங்கிலாந்தில் இருப்பது தெரிய வந்தது. அங்குள்ள திருமேனிகள் ஆனந்தமங்கலத்துப் பெருமான்களே என்பதை மெய்ப்பிக்க 1958ஆம் ஆண்டுப் படங்கள் துணைநின்றன. 2020 செப்டம்பரில் லண்டனில் உள்ள இந்தியத் தூதரகத்திடம் ஒப்படைக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் மூவரும் தமிழகம் திரும்பினர். படமெடுத்தவர் கேமராவை இயக்கிய ஒரு கணம், 62 ஆண்டுகள் கழித்துத் தெய்வத்தைத் தாயகம் சேர்த்தது.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜப் பெருமான் வரலாறும் இதைப் போன்றதே. களவு போய், ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் விலைகொடுத்து வாங்கிய அத்திருமேனி 2014 செப்டம்பரில் இந்தியா திரும்பியது. அதற்கும் புதுச்சேரியில் இருந்த பழைய படங்கள் முக்கியச் சான்றாயின. படம் இல்லாத திருமேனியைத் தமது என்று ஓர் ஊரார் உரிமை கோருவது மிகவும் கடினம். பெரிய கோயில்களுக்குப் பதிவேடுகள் உண்டு. ஊர்ப்புறத்துச் சிறு கோயில்களுக்கும் மரத்தடித் தெய்வங்களுக்கும் அவ்வூர் முதியவர்களின் நினைவு ஒன்றே பதிவேடு. அந்த முதியவர்கள் மறையும்போது பதிவேடும் மறைந்துவிடுகிறது.

பொம்மிடியில் நின்று பார்த்தால்

ஜோலார்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் இருப்புப்பாதையில், மொரப்பூரைக் கடந்து வரும் ஊர் பொம்மிடி. தருமபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தைச் சேர்ந்தது. தெற்கே சேர்வராயன் மலைத்தொடர் நீண்டு கிடக்கிறது. விரைவு வண்டிகளில் செல்வோர் சன்னல் வழியே கண்டு கடந்துபோகும் இவ்வூரில், நாளொரு பட நியமத்தை மேற்கொள்ளும் ஒருவருக்கு என்ன கிடைக்கும்? எண்ணிப் பார்த்தால், ஓர் ஆண்டு போதாது.

முதலாவது, சூரிய நாராயணன். வீட்டு மாடியில் ஒரே இடத்தில் நின்று, உதயத்தை நாள்தோறும் ஒரு படம் எடுத்து வந்தால், உத்தராயணமும் தட்சிணாயனமும் கண்முன் தெரியும். டிசம்பர் 21ஐ ஒட்டித் தென்கிழக்குப் பக்கமாக உதிக்கும் கதிரவன், நாள்தோறும் சிறிது சிறிதாக வடக்கே நகர்ந்து, ஜூன் 21ஐ ஒட்டி வடகோடியை அடைகிறான். பொம்மிடி அமைந்துள்ள 12 பாகை வட அட்சரேகையில், இவ்விரு கோடிகளுக்கும் இடையே ஏறக்குறைய 48 பாகை உண்டு. கையை நேரே நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 பாகை. ஆக, அடிவானத்தில் ஏறத்தாழ ஐந்து முட்டி அகலம் சூரியன் ஆண்டுதோறும் போய் வருகிறான். மார்ச், செப்டம்பர் மாதங்களில் இந்த நகர்வு விரைவாகவும், இரு கோடிகளிலும் நின்று நிதானித்துத் திரும்புவது போலவும் இருக்கும்.

வானில் திருப்பம் டிசம்பரில் நிகழ, நாம் தை முதல் நாளில் உத்தராயணப் புண்ணியகாலம் கொண்டாடுவது ஏன் என்ற ஐயம் எழலாம். நமது பஞ்சாங்கம் நட்சத்திரங்களை அடிப்படையாகக் கொண்ட நிராயனக் கணக்கில் அமைந்தது. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் இரண்டுக்கும் இடையே இப்போது ஏறக்குறைய 24 நாள் இடைவெளி ஏற்பட்டுள்ளது. இதைப் படித்து அறிவதைவிடத் தமது மாடியிலிருந்தே படம் பிடித்து அறிவது பேரக்குழந்தைகளுக்கும் நல்ல பாடம்.

இன்னொரு காட்சியும் உண்டு. ஏப்ரல் 22ஐ ஒட்டியும், ஆகஸ்ட் 21ஐ ஒட்டியும், பொம்மிடியில் நண்பகல் 12.15 முதல் 12.20க்குள் கதிரவன் நேர் உச்சியில் நிற்பான். நேராக நிற்கும் தீபஸ்தம்பத்தின் நிழல் அதன் அடியிலேயே அடங்கிவிடும். ஆண்டுக்கு இரு முறை மட்டுமே கிடைக்கும் படம் இது.

இரண்டாவது, நடுகற்கள். தருமபுரி மாவட்டம் நடுகற்களுக்குப் பெயர்பெற்ற நிலம். ஆநிரை கவர்ந்தவரை எதிர்த்து மீட்கும் போரில் உயிர்நீத்த வீரர்களுக்கு எடுக்கப்பட்ட கற்கள் இப்பகுதியில் ஏராளம். பல்லவர் காலத்து வட்டெழுத்துப் பொறிப்பு கொண்டவையும் இவற்றில் உண்டு. தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் பல கற்கள் பாதுகாக்கப்படுகின்றன. வயல்வெளியிலும் புளியமரத்தடியிலும் நிற்கும் பலவற்றை மக்கள் வேடியப்பன் என்று பெயரிட்டு வழிபடுகின்றனர். எண்ணெயும் மஞ்சளும் பூசப்பட்டு, சில இடங்களில் சிமெண்டு மேடையில் பதிக்கப்பட்டு, எழுத்துகள் மறைந்து வருகின்றன. சாலை விரிவாக்கத்தின்போது கல் இடம் மாறவும் கூடும். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுத்த ஒரு தெளிவான படமும், எந்த ஊர், யாருடைய நிலத்துக்கு அருகில், யார் வழிபடுகிறார்கள் என்ற ஒரு வரிக் குறிப்பும் நாளைய தலைமுறைக்குப் பெருஞ்செல்வம்.

மூன்றாவது, தீர்த்தமலை. அரூர் வட்டத்தில் அமைந்த இம்மலையில் தீர்த்தகிரீசுவரர் எழுந்தருளியுள்ளார். ராமபிரான் சிவபூசைக்கு நீர் வேண்டிக் கணை தொடுக்கப் பாறையிலிருந்து பெருகியது ராமர் தீர்த்தம் என்பது தல வரலாறு. மலையேற இயலும் அன்பர்கள் மாதம் ஒருமுறை சென்று, தீர்த்தம் விழும் காட்சியை ஒரே இடத்தில் நின்று படம் எடுத்தால், கோடையும் மழையும் அந்நீரில் எழுதும் வேறுபாடு புலப்படும்.

வெளியே செல்லவே இயலாதவர்களுக்கும் குறைவில்லை. வாசல் கோலம் நாளுக்கு ஒன்றாக மாறுகிறது. மார்கழியில் பூசணிப்பூ ஏறுகிறது. பூசையறையில் அன்றன்று சாத்திய மலர், துளசி மாடம், ஆடி வெள்ளிக்குக் கட்டிய மாவிலைத் தோரணம் ஆகிய எல்லாம் படத்துக்குரியவையே. கோலம் இடும் கைகளுக்கு வயதாவதும் அந்த வரிசையில் பதிவாகும். பின்னாளில் பிள்ளைகள் தேடிப் பார்க்கும் படங்கள் அவையாகவே இருக்கும்.

நியமத்தின் எல்லைகள்

இறைவன் சன்னிதியில் கேமராவுக்கு இடமில்லை. கருவறை மூலவரைப் படமெடுப்பது மரபுக்கு முரணானது. 2022 டிசம்பரில், தமிழக ஆலயங்களுக்குள் கைப்பேசிக்குத் தடை விதிக்கச் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. எனவே கோபுரம், குளம், தேர், வீதியுலா எனத் திருமதிலுக்கு வெளியே உள்ளவற்றோடு நிற்பதே முறை. வீதியுலாவிலும் முதலில் கைகூப்பித் தொழுது, பின்னர் படம் எடுப்பது நன்று. திரை வழியே மட்டும் பெருமானைக் கண்டு திரும்புவது தரிசனம் ஆகாது.

சிறு கோயில்களில் பூசாரியிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும். உற்சவர் திருமேனி, திருவாபரணம் ஆகியவற்றின் படங்களை இருப்பிட விவரத்தோடு ஊரறியப் பரப்புதல் கூடாது. களவாடுவோருக்கு அதுவே வழிகாட்டியாகிவிடும். அத்தகைய படங்களின் பிரதியைக் கோயில் பொறுப்பாளரிடம் கொடுத்து வைப்பதே போதுமானது. பிறர் முகம் தெரியும் படங்களுக்கு அவர்கள் இசைவு வேண்டும்.

பாதுகாக்கும் முறை

கைப்பேசிப் படம் ஒன்று ஏறக்குறைய 4 எம்பி அளவு எனக் கொண்டால், ஓர் ஆண்டின் 365 படங்களும் ஒன்றரை ஜிபிக்குள் அடங்கும். ஆண்டுக்கொருமுறை பிள்ளைகளின் உதவியோடு அவற்றைப் பென்டிரைவ் இரண்டில் பிரதி எடுத்து, ஒன்றை வேறு ஊரில் உள்ள மகன் அல்லது மகள் வீட்டில் வைப்பது நலம். கைப்பேசி பழுதானால் அனைத்தும் போய்விடும் என்ற அச்சம் அப்போது இராது. மாதத்துக்கு ஒரு படமேனும் ஸ்டூடியோவில் அச்சிட்டு, பின்புறம் பென்சிலால் நாள், இடம், திதி ஆகியவற்றை எழுதி வைக்கலாம். கருவிகள் மாறினாலும் காகிதப் படத்தைப் பார்க்கக் கண் ஒன்றே போதும். ஒரு நோட்டில் நாளுக்கு ஒரு வரி எழுதி வருவது படத்துக்கு உயிர் கொடுக்கும். பெயர் எழுதப்படாத பழைய குடும்பப் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு, இவர் யார் என்று விழிக்கும் வீடுகள் எத்தனையோ.

உடல்நலக் குறைவால் ஒருநாள் தவறினால் மனம் தளர வேண்டியதில்லை. மறுநாள் தொடரலாம். அழகான படம் அமையவில்லையே என்ற கவலையும் வேண்டாம். சாக்கிய நாயனார் எறிந்தது கல்தான். இறைவன் அதை மலராகவே ஏற்றான்.

நாள்தோறும் ஒரு படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் வந்தவுடன், காலையில் எழும்போதே இன்று எதைக் காண்போம் என்ற ஆவல் பிறக்கிறது. பொழுது போகவில்லை என்ற சொல் வீட்டிலிருந்து விடைபெறுகிறது. ஐம்பது ஆண்டுகளாகக் கடந்துபோன மரத்தடித் தெய்வம் அப்போதுதான் முதன்முறையாகக் கண்ணில் படுகிறது. படைப்பில் எங்கும் நிறைந்திருப்பவனை நாளுக்கு ஓர் இடத்திலேனும் நின்று நோக்குவது, முதுமைக்கு ஏற்ற எளிய வழிபாடு. நாளை உதயத்திலேயே முதல் படத்தை எடுக்கலாம்.