விண்ணில் அலையும் உடைசல்

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பும் நாட்களில் எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் மொட்டை மாடிகளில் கூட்டம் கூடுவதைத் தோழியர் பலரும் அறிவீர்கள். வடக்கே நெருப்புப் பொட்டு ஒன்று எழும்பி மறையும். கைதட்டிவிட்டு இறங்கி விடுவோம். செயற்கைக் கோளை மேலே சேர்த்த பிறகு ராக்கெட்டின் கடைசிப் பகுதி என்னவாகிறது என்று யாரும் கேட்பதில்லை.

2001 அக்டோபர் 22-ஆம் நாள் கிளம்பிய பி.எஸ்.எல்.வி. சி-3, நம் நாட்டின் டெஸ் என்னும் செயற்கைக் கோளையும் அயல்நாட்டுக் கோள்கள் இரண்டையும் செம்மையாகவே கொண்டு சேர்த்தது. வேலை முடிந்த நான்காம் அடுக்கு மட்டும் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் சிறிது எரிபொருள் மிஞ்சியிருந்தது. டிசம்பர் 19-ஆம் நாள் அது வெடித்து, 300-க்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறியது.

சிறு துண்டுதானே என்று எண்ணிவிடக் கூடாது. நொடிக்கு 7 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகம்! எண்ணூரிலிருந்து இராயபுரம் வர அதற்கு இரண்டு நொடி போதும். உள்ளங்கையளவுத் துண்டு மோதினாலும், நன்றாக இயங்கும் செயற்கைக் கோள் நொறுங்கிப் போகும்.

அப்படியானால் இவற்றைக் கண்டறிவது எவ்வாறு? இயங்கும் செயற்கைக் கோள் ரேடியோ வழியாகப் பேசும், உடைசல் பேசாது. ஆகவே, துறைமுகத்தில் கப்பல்களைக் கவனிப்பது போலவே ராடார் அலைகளை அனுப்புகிறார்கள். அலை பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரம் தெரியும். ஒரு முறை பார்த்தால் போதாது. பல முறை பார்த்துத்தான் பாதையைக் கணக்கிட முடியும். பிறகு அந்தக் கணக்கையே பின்னோக்கி ஓட்டுவார்கள். பல துண்டுகளின் பாதைகள் ஒரே வேளையில் ஒரே இடத்தில் வந்து கூடினால், அவை ஒரு தாய்ப் பிள்ளைகள் என்று பொருள். (கணக்கு வகுப்பில் கொட்டாவி விடும் தோழியர் கவனிக்க!)

அந்த ஏவுதலுக்கு 2001-049 என்பது குடும்பப் பெயர். டெஸ்ஸுக்கு 'ஏ' என்னும் எழுத்து. மற்றவற்றுக்கு அடுத்தடுத்த எழுத்துகள். ஆங்கில எழுத்துகள் தீர்ந்து போகவே, துண்டுகளுக்கு இரட்டை எழுத்துகள் இட வேண்டியதாயிற்று. இந்தப் பெரிய பட்டியலைப் பராமரிப்பது அமெரிக்க இராணுவம். நம் இஸ்ரோவும் ஸ்ரீஹரிகோட்டாவில், ஒரே நேரத்தில் பத்துப் பொருள்களைப் பின்தொடரும் ராடார் ஒன்றை நிறுவியுள்ளது.

உயரத்திலும் மெல்லிய காற்று இருப்பதால் துண்டுகளின் பாதை சிறிது சிறிதாகத் தாழ்கிறது. நேற்றைய கணக்கு இன்றைக்கு உதவாது. ஓயாமல் திருத்த வேண்டும்.

2002-இல் கிளம்பிய சி-4 முதல், வேலை முடிந்ததும் நான்காம் அடுக்கில் மிஞ்சிய எரிபொருளை வெளியேற்றிவிடும் வழக்கம் வந்தது. சி-3-இன் துண்டுகளில் பெரும்பாலானவை இறங்கி எரிந்துவிட்டன. சில இன்னும் நம் தலைக்கு மேல் சுற்றுகின்றன.